செயற்கைக்கோள் வானொலி ஏன் அடிக்கடி ஊமையாகிறது?

வட அமெரிக்காவில் காரில் செயற்கைக்கோள் வானொலி கேட்கும் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. மரங்கள் அடர்ந்த சாலையிலும் பெட்ரோல் நிலையத்தின் கூரைக்குக் கீழும் ஒலி நின்றுபோவது ஏன்? சேவை மையத்தை அழைக்கும் போதெல்லாம் ‘ரெஃப்ரெஷ்’ அனுப்பியிருப்பதாகச் சொல்லியும் ஏன் எந்த மாற்றமும் இல்லை? மழைதான் காரணமா? கருவியை மாற்றுவதா, சந்தாவையே நிறுத்திவிடுவதா?

ரெஃப்ரெஷ் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சந்தாதாரர்களின் எரிச்சலில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் கருவி பாட வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும்: வானிலிருந்து வரும் அலை ஆண்டெனாவை எட்ட வேண்டும், அந்த அலையில் பூட்டி அனுப்பப்படும் நிகழ்ச்சியைத் திறக்கும் அனுமதி உங்கள் கருவிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ‘ரேடியோ ஐ.டி.’ என்னும் தனி எண் உண்டு. சந்தா கட்டியதும் அந்த எண்ணுக்கான அனுமதிக் கட்டளையும் செயற்கைக்கோள் வழியாகவே அனுப்பப்படுகிறது. கார் பல வாரங்கள் கொட்டகையில் நின்றிருந்தாலோ, கட்டளை வந்த நேரத்தில் கருவி அணைந்திருந்தாலோ அது தவறிப்போகும். அப்படித் தவறியதை மறுபடியும் அனுப்புவதுதான் ரெஃப்ரெஷ். ஆகவே அது பூட்டு தொடர்பான கோளாறுக்கு மட்டுமே மருந்து. அலை வந்து சேராத இடத்தில் ரெஃப்ரெஷ் அனுப்புவது, கதவே இல்லாத வீட்டுக்குச் சாவி கொடுப்பது போன்றதுதான். முன்னோட்ட அலைவரிசை மட்டும் கேட்கிறது, மற்றவை எல்லாம் மறுக்கப்படுகின்றன என்றால் ரெஃப்ரெஷ் கேளுங்கள். அப்போதும் காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, கருவியை இயக்கி வைத்துக்கொண்டு கேளுங்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தில் எல்லா அலைவரிசைகளும் ஒன்றாக நின்று, அந்த இடத்தைக் கடந்ததும் ஒன்றாகத் திரும்பி வந்தால் அது வேறு நோய்.

அந்த வேறு நோயைப் புரிந்துகொள்ள, இந்த வானொலி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் இச்சேவைக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. அதன் அலைநீளம் சுமார் 13 சென்டிமீட்டர். உள்ளூர் எஃப்.எம். நிலையத்தின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அது மரத்தைச் சுற்றி வளையும், சன்னல் வழியே நுழையும், சுவரையும் ஓரளவு கடக்கும். அதை அனுப்பும் கோபுரமும் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில்தான் நிற்கிறது. செயற்கைக்கோளோ நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு, ஒரு கண்டம் முழுவதற்கும் தன் ஆற்றலைப் பரப்புகிறது. உங்கள் கார்க் கூரையில் தீப்பெட்டி அளவே உள்ள ஆண்டெனாவுக்குக் கிடைப்பது அதன் மிகச் சிறு துளி. இடையில் தடையில்லாத நேர்ப் பார்வை இருந்தால் அந்தத் துளி போதும். கான்கிரீட் தளமோ மலைச்சரிவோ குறுக்கிட்டால் போதாது. வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பெரிய தட்டு ஆண்டெனாவைக் கோளை நோக்கித் திருப்பி அசையாமல் பூட்டி வைக்க முடிகிறது. ஓடும் காரில் அது முடியாது. எல்லாத் திசையையும் பார்க்கும் ஆண்டெனா எந்தத் திசையிலும் கூர்மையாகப் பார்க்காது.

இந்தப் பலவீனம் வடிவமைத்த பொறியாளர்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவர்கள் செய்ததெல்லாம் அதை மறைக்கும் தந்திரங்களே என்று சொன்னால் மிகையாகாது; உங்கள் கார் ஊமையாகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தந்திரங்களில் ஏதோ ஒன்று தோற்றிருக்கிறது. எது தோற்றது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை.

முதல் தந்திரம், ஒரே நிகழ்ச்சியை இரண்டு இடங்களிலிருந்து அனுப்புவது. 2001இல் சேவையைத் தொடங்கிய எக்ஸ்.எம். நிறுவனம் ‘ராக்’, ‘ரோல்’ என்று பெயரிட்ட, தரையிலிருந்து பார்த்தால் வானில் ஒரே இடத்தில் நிற்கும் இரண்டு புவிநிலைக் கோள்களை மேற்குத் தீர்க்கரேகை 115, 85 பாகைகளில் நிறுத்தியது. ஒன்றை ஒரு கட்டடம் மறைத்தால் மற்றொன்று தெரியும் என்பது கணக்கு. 2002இல் வந்த சிரியஸ் வேறு வழியைத் தேர்ந்தது. நீள்வட்டப் பாதையில் சுற்றும் மூன்று கோள்களை ஏவி, அவை ஒவ்வொன்றும் நாளின் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 16 மணி நேரம் வட அமெரிக்காவுக்கு மேல் தங்கும்படி செய்தது. அதன் பயன் உயரம். கோள் வானில் மேலே நிற்க நிற்க, மரமும் கட்டடமும் மறைப்பது குறையும். புவிநிலைக் கோளுக்கு இந்த வசதி கிடையாது. வடக்கே போகப் போக அது அடிவானத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டே வரும். மியாமியிலிருந்து பார்த்தால் 85 பாகைக் கோள் ஏறக்குறைய 59 பாகை உயரத்தில் நிற்கிறது. அதே கோள் சியாட்டிலிலிருந்து சுமார் 25 பாகை உயரத்தில்தான் தெரியும். தென்கிழக்கே ஒரு வரிசை மரம் இருந்தால் போதும், அது மறைந்துவிடும். எனவே ஒரே கருவி ஓர் ஊரில் குறையின்றிப் பாடுவதும் இன்னோர் ஊரில் விக்குவதும் கருவியின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கோள்களும் ஒரே நேரத்தில் ஒரே ஒலியை அனுப்புவதில்லை. ஒன்று மற்றதைவிடச் சுமார் 4 விநாடி பின்தங்கி அனுப்புகிறது. முந்தி வருவதைக் கருவி நினைவகத்தில் சேமித்து வைத்துக்கொண்டு, பிந்தி வருவதோடு சேர்த்து ஒலிக்கிறது. பாலத்துக்கு அடியில் நுழையும்போது இரண்டு அலைகளும் ஒன்றாக அறுந்தாலும், அந்த 4 விநாடிக்கான ஒலி கைவசம் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடியில் கார் 111 மீட்டர் ஓடிவிடும்; பெரும்பாலான மேம்பாலங்கள் அவ்வளவு அகலம் இல்லை. பெட்ரோல் நிலையத்தின் விடை இங்கே இருக்கிறது. அந்தக் கூரை மேம்பாலத்தைவிடச் சிறியதுதான். ஆனால் அங்கே நீங்கள் நிற்கிறீர்கள். நான்கு விநாடியில் சேமிப்பு தீர்ந்துவிடும். நெரிசலில் பாலத்தின் கீழ் மாட்டிக்கொள்வோருக்கும் இதே கதிதான். இதில் பழுதுபார்க்க ஒன்றுமில்லை.

மரம் இப்படி ஒரேயடியாக அறுப்பதில்லை, அதனால்தான் அது அதிகம் தொல்லை தருகிறது. இலைகளில் உள்ள நீர் இந்த அலைநீளத்தை உறிஞ்சுகிறது, கிளைகள் சிதறடிக்கின்றன. அடர்ந்த சாலையில் கிலோமீட்டர் கணக்கில் இரண்டு கோள்களும் மாறி மாறி மறைந்துகொண்டே இருந்தால், 4 விநாடிச் சேமிப்பு மறுபடி நிரம்ப அவகாசம் கிடைப்பதில்லை. இலையுதிர் மரங்கள் நிறைந்த சாலையில் குளிர்காலத்தில் நன்றாகக் கேட்டது கோடையில் தடுமாறுவது இதனால்தான். மழையை நீங்கள் சந்தேகிப்பது இயல்பு. சுமார் 12 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் தட்டு ஆண்டெனாத் தொலைக்காட்சி கனமழையில் உறைந்துபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் 2.3 கிகாஹெர்ட்ஸில் மழைத்துளி செய்யும் இழப்பு மிக அற்பம். மழை நாளில் உங்கள் வானொலி மோசமானால் நனைந்த இலைகளையும், ஆண்டெனாவின் உறைக்குள் கசிந்த நீரையும் சந்தேகியுங்கள். ஆண்டெனாவின் மேல் படிந்த ஈரப் பனியும் அலையைத் தடுக்கும்; அதைக் கையால் துடைத்துவிட்டாலே போதும்.

மூன்றாவது தந்திரம் நகரங்களுக்கானது. வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே எந்தக் கோளும் தெரியாது என்பதால், அங்கே தரையிலேயே ரிப்பீட்டர்களை நிறுவி அதே நிகழ்ச்சியை மறுபடியும் ஒலிபரப்புகிறார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒதுக்கிய பாதிப் பட்டையின் ஓரங்களில் கோள்களின் அலையும் நடுவில் ரிப்பீட்டர்களின் அலையும் செல்கின்றன. எது தெளிவோ அதைக் கருவி எடுத்துக்கொள்கிறது. பழைய கருவிகள் பலவற்றில் ஆண்டெனா அமைப்புப் பக்கத்தில் ‘சாட்’, ‘டெர்’ என்று இரண்டு தனித்தனி அளவுக் கோடுகள் தெரியும். முன்னது கோள், பின்னது தரை. பெருநகரத்தின் நடுவில் குறையின்றிக் கேட்பதும், மலைப்பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூரில் நின்றுபோவதும் தலைகீழ் நியாயமாகத் தோன்றும். ரிப்பீட்டர் இருக்கும் இடம் சந்தாதாரர்கள் கூட்டமாக இருக்கும் இடம் என்பதே அதற்குக் காரணம். பள்ளத்தாக்குக்காரருக்கும் சந்தா அதே தொகைதான் என்பது அவருடைய நியாயமான மனக்குறை.

இதே பட்டைக்கு இருபுறமும், அதாவது 2305–2320, 2345–2360 மெகாஹெர்ட்ஸில், கம்பியில்லாத் தகவல்தொடர்புச் சேவைக்கு உரிமம் தரப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கி அலற நாம் ஒரு கிசுகிசுப்பைக் கேட்க முயல்வது போன்ற நிலை இது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2010இல் அங்கே கைப்பேசி இணையத்தை அனுமதிக்கும்படி விதிகளை மாற்றியபோது எக்ஸ்.எம்.மும் சிரியஸும் 2008இல் இணைந்து உருவான சிரியஸ் எக்ஸ்.எம். நிறுவனம் எதிர்த்தது. 2012இல் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.&டி.யும் சிரியஸ் எக்ஸ்.எம்.மும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, வானொலிப் பட்டையை ஒட்டிய இருபுறத் துண்டுகளைக் கைப்பேசிகளுக்குப் பயன்படுத்தாமல் இடைவெளியாக விட முடிவாயிற்று. ஒவ்வொரு நாளும் ஒரே தெருமுனையில், திறந்த வானத்தின் கீழ், சில நூறு மீட்டர் மட்டும் ஒலி அறுகிறது என்றால், அருகில் இருக்கும் வலிய நிலையம் ஒன்று உங்கள் ஏற்பியைத் திணறடிக்கிறதா என்று பார்ப்பது பொருத்தம். அத்தகைய இடத்தின் முகவரியைக் குறித்துக் கொடுத்தால் மட்டுமே நிறுவனத்தின் பொறியியல் பிரிவு எதையாவது செய்ய முடியும்.

தந்திரங்கள் இல்லாத செயற்கைக்கோள் வானொலி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நமக்குச் சொந்த அனுபவமே உண்டு. நோவா சமாரா நிறுவிய வேர்ல்டுஸ்பேஸ் நிறுவனத்தின் ஏசியாஸ்டார் கோள், 2000 மார்ச் 21 அன்று இந்தியாவின் இன்சாட்-3பி கோளுடன் ஒரே ஏரியன் ராக்கெட்டில் ஏவப்பட்டு, கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகையில் நின்றது. ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பர முகமாக இருந்ததும், இடையில் பேச்சோ விளம்பரமோ இல்லாமல் கருநாடக இசை ஓடியதும் பலருக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்து பார்த்தால் அந்தக் கோள் கிழக்கு–தென்கிழக்கில், ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் இருந்தது. பார்ப்பதற்கு வசதியான உயரந்தான். ஆனால் இந்தியாவுக்கு அது ஒரே கோள். அதை மறைத்தால் ஈடு செய்ய இன்னொன்று இல்லை. தரை ரிப்பீட்டர்களுக்கான அனுமதியும் கிடைக்கவில்லை; 2005இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் செயற்கைக்கோள் வானொலிக்குப் பரிந்துரைகளை அளித்தபோதிலும், அவை நகரங்களில் ரிப்பீட்டர்களாக எழும்பவில்லை. விளைவாக, ஆண்டெனாவைக் கிழக்குப் பார்த்த சன்னலிலோ மொட்டை மாடியிலோ வைத்து, கம்பியை வரவேற்பறை வரை இழுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கும் வானொலியாக அது சுருங்கிற்று. மேற்கு நோக்கிய குடியிருப்பில் இருந்தவர் அண்டை வீட்டாரின் தயவை நாட வேண்டியிருந்தது. காரில் கேட்பது நடைமுறைக்கு வரவேயில்லை. அமெரிக்காவில் சந்தாவைத் தூக்கி நிறுத்தியது காராக இருந்ததால், இந்தக் குறை சிறியதல்ல. நிறுவனம் 2008 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கோரியது. இந்தியச் சேவை 2009 டிசம்பர் 31 அன்று நின்றது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே நாளில் பெட்டிகளாயின.

இனி உங்கள் கருவிக்கு வருகிறேன். முதலில் காதை நம்புங்கள். செயற்கைக்கோள் வானொலி எண்முறை ஒலிபரப்பு. அலை போதுமான அளவு இருந்தால் முழுத் தெளிவோடு பாடும், இல்லையென்றால் முழு மௌனம். இடையில் இரைச்சல் என்ற நிலையே கிடையாது. ஆகவே ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தோடு பாட்டு கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், கோளை விட்டுவிட்டு அவருடைய எஃப்.எம். இணைப்பைப் பார்க்க வேண்டும். பின்னால் வாங்கிப் பொருத்தும் கருவிகள் பல, தாம் பெற்ற ஒலியைச் சிறு எஃப்.எம். பரப்பியின் மூலம் காரின் சொந்த வானொலிக்கு அனுப்புகின்றன. அந்த அலைவரிசையில் உண்மையான நிலையம் ஒன்று வந்துவிட்டால் இரைச்சல் எழும். 2006இல் இத்தகைய பரப்பிகள் சில அனுமதித்த அளவை மீறியதால் இரு நிறுவனங்களுமே சில கருவிகளை விற்பனைக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டியிருந்தது. பக்கத்துக் காரில் பொது வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு செயற்கைக்கோள் வானொலியில் நிகழ்ச்சி நடத்திய ஹோவர்ட் ஸ்டெர்னின் கூச்சமற்ற பேச்சு இலவசமாகக் கிடைத்த வேடிக்கையும் அப்போது நடந்தது. இந்த வகைக் கருவிக்கு ஒரே நல்ல தீர்வு, ஆக்ஸ் கம்பி வழியாக நேரே இணைப்பது.

அடுத்து, திரையில் வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘அக்வயரிங் சிக்னல்’ என்றால் ஆண்டெனா நலமாக இருக்கிறது, வானம் தெரியவில்லை என்று பொருள். திறந்த மைதானத்தில் பத்து நிமிடம் நின்றும் அது மாறாவிட்டால் மட்டுமே கவலைப்படலாம். ‘செக் ஆண்டெனா’ என்றால் கம்பி அறுந்திருக்கிறது, இணைப்பு கழன்றிருக்கிறது அல்லது உள்ளே நீர் புகுந்து குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்கிறது. இதைச் சேவை மையம் தொலைவிலிருந்து சரிசெய்யவே முடியாது, கார் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ‘சேனல் அன்அவைலபிள்’ என்பது பெரும்பாலும் அனுமதியைப் பற்றியது. ரெஃப்ரெஷ் அங்கேதான் வேலை செய்யும். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும் சந்தாதாரருக்கு மறுமுனையில் இருப்பவர் எழுதி வைத்த வசனத்தைப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

கருவியை மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். ஆண்டெனாவைப் பார்க்காமல் கருவியை மாற்றாதீர்கள். காந்தத்தால் ஒட்டும் ஆண்டெனா உலோகக் கூரையின் நடுவில் இருக்கும்போதே நன்றாக இயங்கும். அடியில் உள்ள உலோகத் தகடு அதன் பாதி உடம்பு. முன்கண்ணாடிக்குள் வைப்பவர்கள், கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள வெப்பத் தடுப்பு உறை இருந்தால் அலையைத் தாமே மறித்துக்கொள்கிறார்கள். கூரையில் பெட்டி தாங்கிகளையும் மிதிவண்டிகளையும் ஏற்றிய பிறகு ஏற்பு கெட்டது என்று சொல்லும் பலர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சுறாத்துடுப்பு வடிவ ஆண்டெனாவின் அடிப்பட்டை முதுமையடைந்து நீர் கசிவது பழைய கார்களில் சாதாரணம்.

வீட்டில் வைத்துக் கேட்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இரு நிறுவனங்களும் 2008 ஜூலையில் இணைந்தன. ஆனால் வானத்தில் அவற்றின் அமைப்புகள் இணையவில்லை. எக்ஸ்.எம். கருவி சிரியஸ் அலையை வாங்காது, சிரியஸ் கருவி எக்ஸ்.எம். அலையை வாங்காது. நண்பரின் கார் பாடும் இடத்தில் உங்களுடையது பாடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மேலும் சிரியஸின் பழைய நீள்வட்டக் கோள்கள் இப்போது ஓய்வு பெற்றுவிட்டன. 2009இலும் 2013இலும் ஏவப்பட்ட புவிநிலைக் கோள்கள் அவற்றின் இடத்தில் வந்தன. வடக்கு நோக்கிய சன்னலில் ஆண்டெனா வைத்துப் பல ஆண்டுகள் நிம்மதியாகக் கேட்டவர் இன்று தெற்கே திருப்ப வேண்டும். கோள் பழுதாகிவிட்டதோ என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. 2020 டிசம்பரில் ஏவிய எஸ்.எக்ஸ்.எம்.-7 கோளின் ஒலிபரப்புக் கருவிகள் அடுத்த மாதமே செயலிழந்தன. அப்போதும் பழைய கோள்கள் பணியில் இருந்ததால் கேட்பவர்கள் எந்த வேறுபாட்டையும் உணரவில்லை.

கடைசியாக, சந்தாவை நிறுத்துவது. நீங்கள் நாள்தோறும் ஓட்டும் சாலை பெரும்பாலும் மரங்களுக்கு அடியிலும் பள்ளத்தாக்கிலும் போகிறது என்றால், என் கருத்து, நிறுத்துங்கள்; எந்த ரெஃப்ரெஷும் மலையை நகர்த்தாது. அல்லது அதே நிகழ்ச்சிகளைக் கைப்பேசி இணையம் வழியாகத் தரும் செயலிக்கு மட்டும் மாறுங்கள். கைப்பேசி அலை கிடைக்கும் பள்ளத்தாக்குகள் பல. நிறுத்துவது எளிதாக இருக்காது என்பதற்குப் பொதுப் பதிவுகளே சாட்சி. தானாகப் புதுப்பிக்கும் சந்தா, நிறுத்துவதில் ஏற்படுத்திய சிரமம் ஆகியவை குறித்த புகார்களில், சிரியஸ் எக்ஸ்.எம். 2014 டிசம்பரில் 45 மாநிலங்களுடனும் தலைநகர்ப் பகுதியுடனும் 38 லட்சம் டாலருக்கு உடன்பாடு செய்தது. 2023 டிசம்பரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் தொடுத்த வழக்கில், நிறுத்தும் முறை கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் கூறியது. எனவே சலுகை விலைப் பேச்சு நீளும்போது தயங்க வேண்டாம். ரேடியோ ஐ.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்திய தேதியையும் உறுதிப்படுத்தும் எண்ணையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அடுத்த மாத வங்கிக் கணக்கைப் பாருங்கள். நிறுத்திய பிறகும் சில நாள் கார் பாடிக்கொண்டிருந்தால் ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம். நிறுத்தும் கட்டளையும் வானிலிருந்துதான் வந்து சேர வேண்டும். உங்கள் கார் அப்போது அந்த மரங்களுக்கு அடியில் நின்றிருக்கக்கூடும்.